வாழைப்பழம் பொரிப்போம்: குசினியில் ஒரு விஞ்ஞானப் பாடம்

ரமழான் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் அஸர் தொழுகைக்குப் பின்னர் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறிவிடும். ஒரு நாள் கட்லெட், மறுநாள் ரோல்ஸ், இன்னொரு நாள் மாவில் தோய்த்த வாழைப்பழம். மாதம் முழுவதும் ஏதோவொன்று பொரிபட்டுக்கொண்டே இருக்கும். கஞ்சிக் கோப்பைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் பக்கத்தில் பொரித்த பண்டம் ஒன்று இல்லாவிட்டால் வீட்டுச் சிறுவர்களின் முகம் வாடிவிடும்.

இந்த வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகளாகிய எங்கள் கைக்கே வந்து சேர்கிறது. எப்படிச் செய்வது என்று உம்மாமார் சொல்லித் தருகிறார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. அந்த 'ஏன்' தெரியாததால்தான் சில நாட்களில் பலகாரம் எண்ணெய் குடித்துக் கனக்கிறது. சில நாட்களில் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கிறது. சில வீடுகளில் கையும் சுட்டுவிடுகிறது. ஒரு மாதம் முழுவதும் குடும்பமே உண்ணும் உணவு இது. ஆகவே அதன் காரணகாரியத்தை அறிந்து செய்வது வீண் வேலையல்ல. வாழைப்பழத்தை உதாரணமாகக் கொண்டு அதை விளக்க முயல்கிறேன்.

எங்கும் உள்ள பண்டம்

வாழை மிகப் பழைய பயிர். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே நியூகினித் தீவில் அது பயிரிடப்பட்டதற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. அல்குர்ஆனில் சூரதுல் வாகிஆவின் 29ஆம் வசனத்தில் சுவர்க்கத்து மரமாக வரும் 'தல்ஹ்' என்ற சொல்லுக்கு வாழை என்றே முபஸ்ஸிர்கள் பலர் விளக்கம் தந்துள்ளனர்.

வாழை விளையும் நாடுகளில் அதைப் பொரித்து உண்ணும் வழக்கமும் பரவலாக உண்டு. கேரளத்தில் இதன் பெயர் பழம்பொரி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 'பீசாங் கோரெங்' என்பர். மலாய் மொழியில் பீசாங் என்றால் வாழைப்பழம், கோரெங் என்றால் பொரித்தது. ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலாய் முஸ்லிம்கள் நம் நாட்டிலும் வாழ்கின்றனர். ஆகவே இது நமக்கு அந்நியமான பண்டமல்ல.

பொரித்தல் என்றால் என்ன?

பலரும் நினைப்பது, பொரித்தல் என்றால் உணவுக்குள் எண்ணெயை ஏற்றுவது என்று. உண்மையில் அது உணவிலிருந்து நீரை வெளியேற்றும் வேலை. எண்ணெய் வெப்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஊடகம் மாத்திரமே.

நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. நாம் பொரிக்கும் எண்ணெயின் வெப்பநிலையோ 170 பாகைக்கு மேல். மாவில் தோய்த்த பழத்துண்டு எண்ணெயில் விழுந்தவுடன் மாவின் மேற்பரப்பிலுள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. 'சுர்' என்று எழும் சத்தமும் துண்டைச் சுற்றித் துள்ளும் குமிழிகளும் அந்த நீராவிதான். எண்ணெய் கொதிக்கிறது என்று நாம் சொல்வது பிழை, கொதிப்பது நீர்.

நீராவி வெளியே தள்ளிக்கொண்டு வரும்வரை எண்ணெயால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. ஆவி குறையும்போதுதான் எண்ணெய்க்கு வழி திறக்கிறது. எங்கள் உம்மம்மா பாடசாலையில் இரசாயனவியல் படித்தவர் அல்லர். ஆனால் நான் பொரிக்கும்போது பின்னாலிருந்து அவர் சொல்வது இதையேதான்: "சத்தம் அடங்க முந்தி எடுத்துடு மகள்." சத்தம் அடங்கினால் ஆவி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னும் துண்டு எண்ணெயில் கிடந்தால் அது குடிக்கத் தொடங்கிவிடும். அவர் காதால் அறிந்ததை நாம் புத்தகத்தால் அறிகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால், இனி வரும் ஒவ்வொரு படிமுறையும் தானாகவே விளங்கும்.

பழத்தைத் தெரிவு செய்தல்

காயாக இருக்கும் வாழையில் மாப்பொருள் நிறைந்திருக்கும். பழுக்கும்போது நொதியங்கள் அந்த மாப்பொருளைச் சுக்குரோசு, குளுக்கோசு, பிரற்றோசு ஆகிய வெல்லங்களாக மாற்றுகின்றன. அதனால்தான் பழம் இனிக்கிறது. அதேவேளை கலச்சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் சிதைவதால் பழம் மென்மையாகிறது.

பொரிப்பதற்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பழமே வேண்டும். தோலில் பச்சை இருந்தால் துவர்க்கும். உள்ளே மாப்போல் இருக்கும். தோல் முழுவதும் கறுத்துவிட்டால் துண்டு எண்ணெயில் குலைந்துபோகும். வெல்லம் அதிகமாதலால் விரைவில் கருகும். தோல் மஞ்சளாகி, ஆங்காங்கே கபிலப் புள்ளிகள் விழுந்து, விரலால் அழுத்தினால் சற்றே இசைந்து கொடுக்கும் பழம்தான் ஏற்றது.

நம் சந்தைகளில் கிடைப்பவற்றுள் சதை இறுக்கமான கோழிக்கூட்டுப் பழம் இதற்கு மிகப் பொருத்தம். யாழ்ப்பாணத்தவர் அதை இதரை என்பர். விலை கூடியிருந்தால் புளிவாழையும் போதும். அதன் இலேசான புளிப்பு, பொரித்த பின்னர் நல்ல சுவை தரும். மிகக் கனிந்துவிட்ட பழத்தை எறிய வேண்டாம். அதை மசித்து மாவோடு குழைத்துச் சிறு உருண்டைகளாகப் பொரிக்கலாம். வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது பொருத்தமான பழக்கமும்கூட.

மா என்னும் மதில்

வாழைப்பழத்தில் நான்கில் மூன்று பங்கு நீர். அதை வெறுமனே எண்ணெயில் இட்டால் நீர் வேகமாக வெளியேறும், எண்ணெய் தெறிக்கும், பழம் சுருங்கி ஓரங்கள் கருகும். மாக்கரைசல் பழத்தைச் சுற்றி ஒரு மதில் போல நிற்கிறது. மதில் உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. உள்ளே பழம் தன் ஈரத்திலேயே வெந்து குழைகிறது.

அந்த மதில் நன்றாக அமைவதற்கு மூன்று விடயங்கள் உதவுகின்றன.

முதலாவது, அரிசி மா. கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் என்ற இழுபடும் வலையை உண்டாக்கும். ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும் அது வேண்டும். மொறுமொறுப்புக்கு அது இடைஞ்சல். அரிசி மாவில் குளூட்டன் இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கு அரிசி மா சேர்த்தால் மேலோடு இறப்பர் போல இழுபடாது.

இரண்டாவது, குறைவாகக் கலக்குதல். எவ்வளவு கலக்குகிறோமோ அவ்வளவு குளூட்டன் வலுப்பெறும். சிறு கட்டிகள் இரண்டொன்று மிஞ்சினாலும் பரவாயில்லை. குளிர்ந்த நீரைப் பாவித்தால் குளூட்டன் உருவாவதும் தாமதமாகும்.

மூன்றாவது, அப்பச்சோடா. இதன் இரசாயனப் பெயர் சோடியம் இருகாபனேற்று. தேசிக்காய்ப் புளியிலுள்ள அமிலத்துடன் இது தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். அந்த வாயுக் குமிழிகள் மதிலை இலேசாக்கும். வாயு நீண்ட நேரம் தங்காது என்பதால் புளியையும் நீரையும் கடைசியில் சேர்த்து உடனே பொரிக்க வேண்டும். அப்பச்சோடா கூடிவிட்டால் சவர்க்காரச் சுவை வரும். எண்ணெயும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

தேவையான பொருட்கள் (16 துண்டுகளுக்கு)

நடுத்தர அளவான வாழைப்பழம் – 4
கோதுமை மா – 100 கிராம்
அரிசி மா – 50 கிராம்
சீனி – 1 மேசைக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
அப்பச்சோடா – கால் தேக்கரண்டி
மஞ்சள் தூள், ஏலக்காய்த் தூள் – ஒவ்வொரு சிட்டிகை
தேசிக்காய்ப் புளி – 1 தேக்கரண்டி
குளிர்ந்த நீர் – ஏறத்தாழ 150 மில்லி லீற்றர்
பழத்தின் மேல் தூவக் கோதுமை மா – 2 மேசைக்கரண்டி
பொரிக்க எண்ணெய் – தாச்சியில் இரண்டு அங்குல உயரத்துக்கு

நோன்போடு சமைப்பவர் உப்போ சீனியோ ருசி பார்க்க விரும்பமாட்டார். ஆகவே அளவுகளைக் கண்மதிப்பில் விடாமல் அளந்து போடுவது நல்லது.

செய்முறை

1. உலர்ந்த பொருட்கள் யாவற்றையும் ஒரு பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து வையுங்கள். இதை ளுஹருக்குப் பின்னரே செய்து மூடி வைக்கலாம்.

2. பழத்தைத் தோலுரித்துக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் பிளவுங்கள். வெட்டிய பழம் காற்றுப்பட்டால் கபில நிறமாகும். ஆகவே பொரிப்பதற்குச் சற்று முன்னர் வெட்டினால் போதும்.

3. எண்ணெயை மத்திம நெருப்பில் சூடாக்குங்கள். தாச்சியின் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. துண்டுகளை இட்டதும் மட்டம் உயரும்.

4. எண்ணெய் சூடாகும் இடைவெளியில் மாக்கலவைக்குத் தேசிக்காய்ப் புளியையும் நீரையும் விட்டு இலேசாகக் கலக்குங்கள். கரண்டியின் முதுகில் படிந்து மெதுவாக வழியும் பதம் வேண்டும். தண்ணீராக ஓடினால் மதில் நிற்காது. களியாக இருந்தால் உள்ளே வேகாது.

5. பழத்துண்டுகளை முதலில் உலர்ந்த மாவில் புரட்டி உதறுங்கள். பழத்தின் மேற்பரப்பு ஈரமாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் கரைசல் நேரே ஒட்டாது. இந்த மெல்லிய மாப்படை ஈரத்தை உறிஞ்சிக் கரைசலைப் பிடித்துக்கொள்ளும்.

6. எண்ணெயின் சூட்டைச் சோதியுங்கள். ஒரு துளி மாக்கரைசலை விடுங்கள். அடியில் போய்த் தங்கினால் சூடு போதாது. விழுந்தவுடன் மேலே வந்து நிமிடத்துக்குள் கறுத்தால் சூடு அதிகம். பாதிவரை தாழ்ந்து, சிறு குமிழிகளோடு மேலெழுந்தால் ஏறத்தாழ 170 பாகை. அதுவே சரியான பதம். பழத்தில் வெல்லம் இருப்பதால் வேறு பலகாரங்களைவிடச் சற்றுக் குறைந்த சூடு போதும்.

7. துண்டைக் கரைசலில் தோய்த்து, தாச்சியின் ஓரமாக, உங்களுக்கு எதிர்ப்புறம் சரியுமாறு மெதுவாக விடுங்கள். ஒரு தடவையில் நான்கு அல்லது ஐந்து துண்டுகள் மாத்திரம். நேரம் போகிறதே என்று பத்தை ஒன்றாக இட்டால் எண்ணெயின் வெப்பநிலை சட்டென்று இறங்கும். ஆவி வலுவாக எழாது. மேலோடு இறுகுவதற்குள் எண்ணெய் நுழைந்துவிடும்.

8. ஒருமுறை புரட்டி, மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் பொன்னிறம் வந்ததும், குமிழிகள் குறையத் தொடங்கும்போதே கண்ணகப்பையால் எடுத்துவிடுங்கள்.

எடுத்த பின்னர்தான் எண்ணெய் குடிக்கும்

இது பலருக்கு வியப்பாக இருக்கும். பொரித்த பண்டத்தினுள் சேரும் எண்ணெயின் பெரும் பங்கு, அது தாச்சியில் இருக்கும்போது சேர்வதல்ல. எடுத்து ஆறும்போது சேர்வது. சூடு தணியும்போது உள்ளேயிருக்கும் நீராவி மறுபடி நீராக ஒடுங்குகிறது. அதனால் உள்ளே அமுக்கம் குறைந்து, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளிழுக்கிறது.

ஆகவே எடுத்த முதல் நிமிடமே முக்கியமானது. அகப்பையைத் தாச்சிக்கு மேலே பிடித்து இரண்டு மூன்று முறை உதறுங்கள். பின்னர் கம்பித்தட்டிலோ கண்ணுள்ள வடிதட்டிலோ ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். குவித்து வைத்தாலும் மூடி வைத்தாலும் வெளியேறும் ஆவி மேலோட்டை ஈரமாக்கும், மொறுமொறுப்புப் போய்விடும். பழைய பத்திரிகைத் தாளில் வைப்பது நம் வீடுகளில் கண்ட வழக்கம். அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து உணவில் சேரக்கூடும் என்பதால் அதைக் கைவிட வேண்டும்.

நீங்களே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். சூடு குறைந்த எண்ணெயில் ஒரு துண்டையும் சரியான சூட்டில் ஒரு துண்டையும் பொரித்து, இரண்டையும் வெவ்வேறு வெள்ளைக் கடதாசியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கறைகளை ஒப்பிடுங்கள். நான் செய்தபோது முதலாவதின் கறையே அகலமாகப் பரவியிருந்தது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி சக்தி தரும் என்பதை நினைத்தால், அந்தக் கறையின் வித்தியாசம் சிறியதல்ல என்பது புரியும்.

பொன்னிறத்தில் நிறுத்துங்கள்

மேலோட்டின் நிறமும் மணமும் பெரும்பாலும் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சூட்டில் தாக்கமுறுவதால் வருபவை. இதை 1912இல் விபரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மயாரின் பெயரால் இது மயார் தாக்கம் எனப்படுகிறது. ஆனால் பொன்னிறத்தைக் கடந்து கடும் கபிலத்துக்குப் போவது நல்லதல்ல. மாப்பொருள் உணவுகளை 120 பாகைக்கு மேல் பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் அக்ரிலமைட்டு என்ற பொருள் உண்டாவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினர். புற்றுநோயுடன் தொடர்புபடுத்திச் சந்தேகிக்கப்படும் பொருள் அது. நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும்.

எண்ணெயைக் காப்பது

எண்ணெய் விலை விற்கும் விலையில் ஒருமுறை பொரித்ததை ஊற்றிவிட யாருக்கும் மனம் வராது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மீண்டும் மீண்டும் சூடாக்கும்போது எண்ணெய் ஒட்சியேற்றமடைந்து சிதைகிறது. உணவிலிருந்து வரும் நீரும் கருகிய மாத்துகள்களும் அதை விரைவுபடுத்துகின்றன. புகை வரத் தொடங்கினால் அதில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அக்ரோலின் என்ற பொருளும் இருக்கும்.

பொரித்து முடிந்ததும் எண்ணெயை ஆறவிட்டு, மெல்லிய துணியால் வடித்து, இருட்டான இடத்தில் மூடி வையுங்கள். நிறம் கறுத்தாலோ, பிசுபிசுப்பாகத் தடித்தாலோ, மேலே நுரை தங்கினாலோ, முன்னரைவிட விரைவில் புகைந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பழைய எண்ணெயோடு புது எண்ணெய் சேர்த்து மாதம் முழுவதும் ஓட்டுவது சிக்கனமல்ல. புது எண்ணெயும் சேர்ந்து கெடும். கழித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய டின் ஒன்றில் அடைத்து அகற்றுங்கள். குழாயில் உறைந்தால் அடைத்துக்கொள்ளும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

பசியும் களைப்பும் அவசரமும் ஒன்றுகூடும் வேளை மஃரிபுக்கு முந்திய அரைமணி நேரம். ஆகவே அதற்கு முன்னரே பொரித்து முடித்துவிடத் திட்டமிடுங்கள். முந்தானையையும் ஹிஜாபின் முனைகளையும் பின்னே செருகி, தளர்ந்த கையை மடித்துக் குத்துங்கள். நைலோன் உடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உடையே நல்லது. தாச்சியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தம்பி தங்கைகள் அடுப்பருகே வரக் கூடாது.

எண்ணெயில் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெயைவிட நீர் பாரமானது. அது அடியில் இறங்கிக் கணப்பொழுதில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். அந்த விசை எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசிவிடும். செய்ய வேண்டியது, கைக்கு எட்டுமானால் அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் தாச்சியை மூடிவிடுவது. ஒட்சிசன் இல்லாவிட்டால் தீ இல்லை. பொரிக்கத் தொடங்கும் முன்னரே அந்த மூடியைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். மூட முடியாதளவு தீ எழுந்தால் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுவதே கடமை.

கை சுட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு 20 நிமிடங்கள் குழாய் நீரில் பிடியுங்கள். பற்பசை, நெய், முட்டை எதையும் பூச வேண்டாம். அவை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். கொப்புளம் பெரிதானாலோ முகத்தில் பட்டாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அளவோடு ஒரு துண்டு

எங்கள் வீட்டில் இருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஆகவே பொரித்த வாழைப்பழத்தின் மேல் கித்துள் பாணி ஊற்றுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கனிந்த பழத்தின் இனிப்பே போதும் என்பது சில நாட்களில் நாவுக்குப் பழகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் பொரிப்பது, மற்ற நாட்களில் அதே பழத்தைத் தோலுரித்து அப்படியே வைப்பது என்றும் தீர்மானித்தோம். சிறுவர்கள் முதல் நாள் முறைப்பட்டார்கள். பொரிக்கும் நாள் எப்போது வரும் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் கிடைத்தபோது இல்லாத ருசி அதற்கு வந்துவிட்டது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளிடம் அகப்பையைக் கொடுக்கும்போது அதன் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மகனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். தீயும் எண்ணெயும் ஆண், பெண் பார்ப்பதில்லை. சகோதரிகளே, அடுத்த முறை துண்டை எண்ணெயில் விட்டதும் அடுப்பை விட்டு நகராமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத் தாச்சியே சொல்லும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். பழம் பொன்னாக வரும், இன்ஷா அல்லாஹ்.